வட்டம் போட்ட முத்திரை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது என்று ஆரம்பித்தேன், தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த உன் அம்மா "முதல் வரியிலேயே ஆரம்பிச்சாச்சா, பத்திரிகையில வேலை பார்த்த புத்தி எங்க போகும்" என்றாள். ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் பிழை திருத்தியவன் என்ற முறையில் இப்போது என் வரியை நானே திருத்திக்கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி பழைய இடத்திலேயே இருக்கிறது, இந்த ஊரில் இடம் மாறாதது அது ஒன்றுதான். எனக்கு வலது கண் சாயங்காலமானால் ஓய்வு கேட்கிறது. உன் அண்ணன் வேளைக்குச் சாப்பிடுகிறான். உன் அண்ணி அடுத்த வாரம் ரயில் ஏறி உன்னிடம் வருகிறாள். விஷயம் இந்தக் கடைசி வரிதான், ஆனால் இதை மட்டும் எழுதி அனுப்பினால் நீ பதறிப்போவாய், புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையா என்று கேட்பாய், சண்டை போட்டிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன், நீ சாப்பிட்டுவிட்டுப் படி.

போன வருடம் முழுக்க நான் எழுதிய கடிதங்களில் அண்ணன் தொழிற்சாலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறான் என்று இருக்கும். அரசாங்கத்துக்குத் தெரிந்த உண்மை அதுதான், அப்போது கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறவருக்குப் போர் முடிந்த சேதி போய்ச் சேரவில்லை, அதனால் அரசாங்க உண்மையையே எழுதி வைத்தேன். நடந்தது வேறு. நீ இங்கிருந்து போன பிறகுதான் அண்ணனைப் போருக்குக் கூப்பிட்டார்கள் என்பது உனக்கு நினைவிருக்கும். அவன் பாய்லர் தொழிற்சாலையில் வெல்டராக இருந்த இடம் காலியானது, அவனோடு போனவர்கள் இடமெல்லாம் காலியானது, வீட்டுக்கு ஒரு பெண் வரட்டும் என்று ஒலிபெருக்கி வைத்த வண்டி தெருத்தெருவாகப் போனது. அண்ணி போனாள். மூன்றாம் மாடி வீட்டுப் பெண்ணும் கூடப் போனாள், அவளைக் கிரேனில் ஏற்றி உட்கார வைத்தார்கள், அன்றிலிருந்து தெருவில் அவளுக்குக் கிரேன்காரி என்று பெயர். முதல் நாள் இவர்களை வரிசையாக நிற்க வைத்து ஃபோர்மேன் சொன்னாராம், "அம்மாமாருங்களா, வீட்டுல அடுப்பு சின்னது, இங்க அடுப்பு பெரிசு, சுட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் சுடும், அழாம நில்லுங்க" என்று. அண்ணி சுட்டுக்கொண்டாள், அழவில்லை. முன்கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள் இப்போதும் இருக்கின்றன, நீ பார்த்தால் அம்மைத் தழும்பு என்று நினைத்துக்கொள்ளாதே. சில மாதத்தில் அவள் போட்ட வெல்டிங்கை ஃபோர்மேன் புது ஆட்களுக்குக் காட்டும்படி ஆகிவிட்டது. இரண்டு இரும்புத் தகடுகள் சேரும் இடத்தில் அவள் கை போனால், மீன் செதில் அடுக்கின மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக, மேடு பள்ளம் இல்லாமல் போகும். எனக்கு இரும்பு தெரியாது, ஆனால் நல்ல வாக்கியம் தெரியும், அவள் போட்ட இணைப்பை ஒரு தடவை காட்டினாள், அதில் திருத்த ஒன்றும் இல்லை.

அங்கே ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு வெல்டருக்கும் விரல் நீளத்தில் ஓர் எண் முத்திரை கொடுப்பார்கள், இணைப்பைப் போட்டு முடித்துக் கசடு தட்டியதும் பக்கத்தில் அந்த முத்திரையை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. பின்னால் எப்போதாவது பாய்லர் வெடித்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டும் அல்லவா. பெண்களுக்குக் கொடுத்த முத்திரையில் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. வட்டத்துக்கு அர்த்தம் தற்காலிகம். ஆண்கள் நிரந்தரம் என்பதால் அவர்களுக்கு வட்டம் கிடையாது, அந்த நிரந்தரமானவர்கள் அப்போது எல்லையில் வாரத்துக்கு இத்தனை பேர் என்று செத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கென்று தொழிற்சாலையில் ஒரு கழிப்பறையும் கட்டினார்கள், மேனேஜர் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தார், எங்கள் பத்திரிகையில் படம் வந்தது. இன்னொரு நாள் அண்ணியும் கிரேன்காரியும் முகமூடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு சிரிக்கிற படம் வந்தது, கீழே "இரும்பை வளைக்கும் இளம் சிங்கங்கள்" என்று போட்டார்கள். அந்த வரிக்கு மெய்ப்புப் பார்த்தது நான்தான். சிங்கத்தில் எழுத்துப் பிழை இல்லை என்று விட்டுவிட்டேன்.

போர் முடிந்தது. ஜெயித்தோமா தோற்றோமா என்பதில் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது, அதை விடு. சமாதானம் வந்துவிட்டது என்று எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், பெண்கள் கழிப்பறையைப் பூட்டிப் பெயிண்டு டப்பாக்களை அடுக்கிவிட்டார்கள். பெண்களையெல்லாம் கூட்டி மேனேஜர் ஒரு கூட்டம் போட்டார், நாடு உங்களை மறக்காது என்றார், ஆளுக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி பரிசு கொடுத்து "இனிமேலாவது உங்களைக் கவனிச்சுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்" என்றாராம். முகமூடியை வாங்கிக்கொண்டு கண்ணாடியைக் கொடுத்தார்கள். முத்திரைகளையும் திரும்பக் கேட்டார்கள், அண்ணி தொலைந்துவிட்டது என்றாள், யாரும் வற்புறுத்தவில்லை, தற்காலிகமான பொருள்தானே. அந்த வாரம் எங்கள் பத்திரிகையில் அதே பழைய படத்தைத் திரும்பப் போட்டார்கள், கீழே "மலர்க்கரங்கள் வீடு திரும்பின" என்று வரி மட்டும் மாறியிருந்தது. புதுப் படம் எடுக்கச் செலவாகும் என்று உதவி ஆசிரியர் சொன்னார். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "மாமா, நான் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான சிரிக்கறேன்" என்று கேட்டாள், நான் ஆமாம் என்றேன்.

அண்ணன் வந்து சேர்ந்தான். கை கால் எல்லாம் எண்ணிக்கைக்குச் சரியாக இருந்தது, உன் அம்மா தடவித் தடவிப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று தெருவுக்கே சொன்னாள். திரும்பி வந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பழைய வேலை என்று சட்டம், அவன் பழைய இடம் என்றால் அண்ணி எழுந்து வந்த அதே இடம்தான். முதல் நாள் போனான். முகமூடியைப் போட்டு, வெல்டிங் ராடை இரும்பில் தொட்டதும் பளீரென்று வெளிச்சமும் சடசடவென்று சத்தமும் வரும் அல்லவா, அவ்வளவுதான், மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டு காதைப் பொத்திக்கொண்டானாம். ஃபோர்மேன் கூடவே தானும் கீழே உட்கார்ந்துகொண்டு, அவன் மூச்சு நேராகும்வரை ஏதோ பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு அவரே வீட்டில் கொண்டுவந்து விட்டார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "இவனைத் தகுதியில்லன்னு எழுதணும், எழுதினா ஆசிரமத்துக்கு அனுப்பிடுவாங்க, நான் ரெண்டு நாள் காய்ச்சல்னு சொல்லி வைக்கிறேன், அதுக்குள்ள யோசிங்க" என்றார். ஆசிரமம் என்று அவர் சொன்னது ஊருக்கு வெளியே, போரில் மனம் உடைந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடம். அதற்கு ஓய்வில்லம் என்று பெயர். அங்கே போனவர்கள் நன்றாகவே ஓய்வெடுக்கிறார்கள், யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, அங்க மட்டும் வேணாம்பா" என்றான். சின்ன வயதில் பல் பிடுங்கப் போகும்போது இப்படித்தான் சொல்வான்.

யோசனை உன் அம்மாவுடையது. நான் படித்த புத்தகம் எதிலும் அது இல்லை. முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, "அந்த வேலையை இத்தனை நாள் பார்த்தது யாரு, இவதானே. மூஞ்சியை மூடிக்கிட்டுப் பண்ற வேலைதானே. உள்ள இருக்கறது ஆம்பளையா பொம்பளையான்னு எவன் தூக்கிப் பார்க்கப் போறான், பொண்ணு பார்க்கவா வரான்" என்றாள். நான் சட்டம் என்று ஆரம்பித்தேன். "சட்டம் வந்து இவனைத் தூங்க வைக்குமா" என்றாள். அண்ணி எழுந்து போய் அண்ணனின் நீல உடுப்பை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். தோள் பெரிதாக இருந்தது. அவள் பழைய உடுப்பையே போட்டுக்கொண்டு, தலைமுடியைத் தொப்பிக்குள் செருகி, மூன்றாம் நாள் காலையில் அண்ணன் பெயரில் உள்ளே போனாள். ஃபோர்மேன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல், "வாங்க தம்பி, காய்ச்சல் விட்டுதா" என்றாராம். அவ்வளவுதான், அன்று முதல் பட்டறை முழுக்க அவள் தம்பி, சின்னவர்களுக்கு அண்ணே. போரிலிருந்து வந்தவர்கள்தான் அத்தனை பேரும், ஒருவனும் வாய் திறக்கவில்லை. அண்ணனோடு பதுங்குகுழியில் கிடந்தவன் ஒருவன் மட்டும் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், "அண்ணே, நீங்க வீட்டுக்குப் போனதும் அண்ணன்கிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க" என்றானாம், எல்லோரும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்களாம். மேனேஜர் சுற்றிப் பார்க்க வந்தால் ஃபோர்மேன் குழாயில் சுத்தியலால் தட்டுவார், அண்ணி முகமூடியை இறக்கிக்கொள்வாள். மேனேஜரும் தூரத்திலேயே பலமாக இருமிக்கொண்டுதான் வருவாராம். தெரிந்ததைத் தெரியாமல் வைத்திருப்பதற்குத்தான் மேனேஜருக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் பட்ட பாடு என்று ஒன்று உண்டு. கழிப்பறை பூட்டிக் கிடந்ததல்லவா, அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும்வரை அவள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை, அந்த நெருப்புக்குப் பக்கத்தில். வந்ததும் பானையோடு குடிப்பாள், உன் அம்மா தலையில் தட்டிக்கொண்டே நிற்பாள். ஒரு தடவை அடிவயிற்று வலியில் சுருண்டு விழுந்த பிறகுதான் ஃபோர்மேனுக்கு விஷயம் புரிந்தது, ராடு காயவைக்கிற அடுப்புக்குப் பின்னால் ஆணியில் ஒரு சாவியை மாட்டிவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் போனார். பெயிண்டு டப்பாக்களை நகர்த்திவிட்டு நுழைய வேண்டும். அண்ணன் பட்ட பாடு வேறு தினுசு. அரசாங்கக் கணக்கில் அவன் தொழிற்சாலையில் இருந்தான், அதனால் பகல் வேளையில் அவன் வீட்டில் இருக்க முடியாது, இருந்தான், ஆகவே சன்னல் பக்கம் போகக்கூடாது, வாசலுக்கு வரக்கூடாது. போரிலிருந்து தப்பி வந்தவன் வீட்டுக்குள் ஒளிந்திருந்தான். சமையல் கற்றுக்கொண்டான், அவள் உடுப்பைத் துவைத்துப் பெட்டி போட்டான், பையில் இருப்பதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு உடுப்புக் காய்ந்ததும் அதே பையில் திரும்பப் போடுவான். அந்தப் பையில் அவனுடைய முத்திரையும் இருக்கும், தொலைந்துபோன அவளுடைய வட்ட முத்திரையும் இருக்கும். ஒரு நாள் அவன் கேட்டானாம், இது எதற்கு இன்னும் என்று. "சும்மா, கைக்குத் தட்டுப்பட்டுக்கிட்டு இருக்கட்டுமே" என்றாளாம். சிலர் போட்டோ வைத்துக்கொள்வதில்லையா, அந்த மாதிரி என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இப்படியே போயிருக்கும். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு பாய்லர் செய்தார்கள். உள்ளே படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே கையை நீட்டிப் போட வேண்டிய ஓர் இணைப்பு, பட்டறையில் வேறு யார் தோளும் பாய்லரின் துவாரத்துக்குள் நுழையவில்லை. அண்ணி உள்ளே போனாள். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கழுத்தில் தீப்பொறி பட்டுக் கொப்புளித்திருந்தது, முகம் மட்டும் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. "மாமா, இன்னிக்கு ஒண்ணு போட்டேன், அந்த மாதிரி இனி வராது" என்றாள். அண்ணன் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டான். அந்த இணைப்புக்குப் பக்கத்தில் அவள் அடித்திருந்தது வட்டம் போட்ட முத்திரை. இருட்டில் மல்லாந்து படுத்தபடி பையில் கை விட்டேன், பழக்கத்தில் அது வந்துவிட்டது என்று பிறகு சொன்னாள். இருக்கலாம். என் பெயர் எங்கும் அச்சில் வராமலே எத்தனையோ பக்கங்களைச் சரிபார்த்து அனுப்பியவன் நான், இரண்டு முத்திரைக்கும் விரலுக்கு வித்தியாசம் தெரியாதா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

ஆஸ்பத்திரி சார்பில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். விளக்கை உள்ளே விட்டுப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, "யாருங்க இது போட்டது, கூப்பிடுங்க, கையைக் கொடுக்கணும்" என்றாராம். ஃபோர்மேன், "இன்னிக்கு லீவு சார்" என்றார். அண்ணி பக்கத்தில் முகமூடிக்குள் நின்றுகொண்டிருந்தாள். அப்புறம்தான் அவர் கண் முத்திரைமேல் போனது. வட்டம் போட்ட எண் போரோடு ஒழிந்துவிட்ட எண், அதற்கு உரியவர் இப்போது தொழிற்சாலையிலேயே கிடையாது. இல்லாத ஆள் போட்ட இணைப்பு எப்படி வந்தது என்று கேட்டார். அண்ணி முகமூடியைத் தூக்கினாள்.

மேனேஜர் அறையில் விசாரணை நடந்தது, குடும்பத்துப் பெரியவர் என்று என்னையும் கூப்பிட்டு ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். மேனேஜர் முகத்தில் நிஜமான துக்கம் இருந்தது, ஒரு வருடமாக இருமி இருமிக் காப்பாற்றிய விஷயம் அல்லவா. "நீங்க பண்ணினது ஏமாத்து வேலைன்னு தெரியுமாம்மா" என்றார். "என்ன சார் ஏமாத்தி எடுத்துக்கிட்டேன், வேலையைத்தான் செஞ்சேன்" என்றாள். "அதாம்மா குத்தம்" என்றார். அவர் கெட்டவர் கிடையாது, சட்டத்தில் அப்படித்தான் இருந்தது. இணைப்பைச் சோதித்ததில் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் போட்டவள் குற்றவாளி, ஆகவே என்ன செய்வது என்று வெகுநேரம் யோசித்தார்கள். விஷயம் மேலே போனால் மேனேஜரின் கண்ணும் இருமலும் விசாரணைக்கு வரும், அதனால் மேலே போகாமல் முடிவு செய்தார்கள். இணைப்பு இருக்கட்டும், முத்திரையை மட்டும் அரைத்து எடுத்துவிட வேண்டும். அண்ணனை ஓய்வில்லத்துக்கு அனுப்ப வேண்டாம், மேனேஜர் கருணையின் பேரில் வாசலில் ஒரு வேலை. அதற்குப் பதிலாக அண்ணி இனி இந்த ஊரில் எந்தப் பட்டறை வாசலையும் மிதிக்கக்கூடாது, மிதித்தால் அண்ணன் வேலையும் போகும், ஓய்வில்லத்து வண்டியும் வரும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க சார்" என்றாள். முத்திரையை அரைக்கிற வேலையை வேறு யாருக்கும் கொடுக்காமல் ஃபோர்மேனே செய்தாராம், அந்தத் துவாரத்தில் நுழைய முடியாமல் தலையையும் ஒரு கையையும் மட்டும் விட்டு. வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வழிந்தது, இரும்புத் தூசி என்றார், யாரும் மறுக்கவில்லை. இப்போது அந்த ஆஸ்பத்திரியில் வெந்நீர் வருகிறது, யார் போட்டது என்று எங்கும் இல்லாத ஓர் இணைப்பு அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அண்ணனுக்கு வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வரக்கூடாதவர்கள் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது வேலை. வரக்கூடாதவர் என்று ஊரில் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவள் வீட்டில் அவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். வெயில் படுகிறது, மனிதர்களைப் பார்க்கிறான், உடம்புக்கு நல்லதுதான். ஆனால் வீட்டுக்கு வந்தால் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவளும் முன்பைவிடப் பிரியமாகத்தான் இருந்தாள், அது அவனுக்கு இன்னும் தாங்கவில்லை. அவள் கை சும்மா இருக்கத் தெரியாமல் திண்டாடியது. பேச்சுக்கு நடுவில் கட்டைவிரலை எடுத்துத் தண்ணீர் டிரம்மில் தகடு சேர்ந்த இடத்தில் மெதுவாகத் தடவுவாள், எங்கேயோ ஒரு மேடு தட்டுப்பட்டால் முகம் சுருங்கும். மேலே கிரேன்காரிக்கும் இதே கதிதான், மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குகிறாள், காய்கறி வண்டியில் தராசுத் தட்டுமேல் இம்மி தட்டாமல் வந்து உட்காருகிறது, வண்டிக்காரன் கைதட்டுகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், அந்தச் சிரிப்பைப் படம் எடுக்க யாரும் வரவில்லை. பத்திரிகை கொடுத்த கண்ணாடி சமையலறையில் மாட்டியிருக்கிறது என்று எழுதிவிட்டேன், தொழிற்சாலை கொடுத்தது, வலது கண்ணைப் பற்றித்தான் சொன்னேனே. அதில் உன் அம்மாதான் முகம் பார்க்கிறாள்.

உன் கடிதம் போன மாதம் வந்தது. உங்கள் ஊர்த் துறைமுகப் பட்டறையில் பெண்களை வெல்டிங் வேலைக்கு எடுக்கிறார்கள், ஆண்கள் போதவில்லை என்று ஏதோ ஊர்ச் சேதியாக எழுதியிருந்தாய். ஏன் போதவில்லை என்று எழுதவில்லை. இங்கே எல்லோருக்கும் புரிந்தது. பெண்களுக்கு வேலை கிடைக்க வேண்டுமானால் எங்காவது ஒரு போர் ஆரம்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது, போர் போகும் ஊருக்கெல்லாம் இவர்களும் பின்னாலேயே போக வேண்டியதுதான். அந்தக் கடிதத்தை உன் அண்ணன் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சில நாள் சுற்றினான், அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து, "அப்பா, அவ எனக்காக இங்க உட்கார்ந்திருக்கா, நான் அவளை உள்ள விடாம அங்க உட்கார்ந்திருக்கேன், ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எழுந்து போக வேணாமா" என்றான். போரிலிருந்து வந்த பிறகு அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணி மாட்டேன் என்றாள். "நான் போயிட்டா, சத்தம் கேட்டு இவர் பயந்துக்கும்போது யாரு கையைப் பிடிச்சுக்கறது" என்றாள். உன் அம்மா, "ஏன், பெத்தவ கை கை இல்லியா, நீ பிடிக்கறதுக்கு முன்னாடி நான்தான்டி பிடிச்சுக்கிட்டிருந்தேன்" என்று சண்டைக்கு நிற்பதுபோல் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். அம்மா திரும்பி வந்தபோது அண்ணி பரணிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் ஃபோர்மேன் வந்தார். அவளுடைய முகமூடியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார், அதோடு சாப்பாட்டு டப்பாவிலிருந்து அந்த வட்ட முத்திரையையும் எடுத்து மேஜையில் வைத்தார். விசாரணையன்று வாங்கி வைத்துக்கொண்ட அதை மேனேஜர் பழைய இரும்போடு போடச் சொன்னாராம். வெளியே வருகிறவர்கள் பையைச் சோதிப்பதும் அண்ணன் வேலைதான், டப்பாவைத் திறந்து பார்த்தானாம், மூடிக் கையில் கொடுத்து, "போங்க சார்" என்றானாம். அண்ணி அந்த முத்திரையைத் தன் பெட்டியில் வைப்பாள் என்று நினைத்தேன். நேற்று அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது அவன் சட்டைப் பையில் போட்டு மேலே தட்டிவிட்டு, "கைக்குத் தட்டுப்பட்டுக்கிட்டு இருக்கட்டும், சத்தம் கேட்டா இதைப் பிடிச்சுக்குங்க" என்றாள். அவன் தலையை ஆட்டினான். இன்று தெருவில் லாரி டயர் ஒன்று வெடித்தது. சன்னல் வழியாகப் பார்த்தேன், வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவன் சுவரோரம் நின்றுவிட்டான், பையில் கையை விட்டுக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றான், பிறகு நடந்து வந்தான்.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டேஷனுக்கு நீயே போ, யாரையும் அனுப்பாதே. அவளிடம் ஒரு பெட்டியும் மடியில் துணி சுற்றிய முகமூடியும் இருக்கும், எல்லைச் சோதனையில் அது என்னவென்று கேட்டால் முகம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன், சிரித்தாள், பல நாளைக்குப் பிறகு சிரித்தாள். வந்ததும் தண்ணீர் கொடு, கேட்கமாட்டாள், பகலில் குடிக்காத பழக்கம் இன்னும் போகவில்லை, நீயாகக் கொடுத்துக் குடிக்கும்வரை நில். பட்டறையில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கிறதா, பூட்டு யார் கையில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வை. முத்திரை கொடுத்தால் அதில் வட்டம் இருக்கிறதா பார், இருந்தால் எப்படியும் ஒரு நாள் திருப்பி அனுப்புவார்கள், பெட்டியைத் தூக்கிப் பரணில் போடாதே. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று அவள் கேட்டால், அப்பா எழுதியிருக்கிறார், நன்றாக இருக்கிறானாம் என்று சொல். அந்த ஒரு பிழையைத் திருத்தாமல் விடுகிறேன். அம்மா உனக்குக் கம்பளிச் சால்வை ஒன்று அவளிடம் கொடுத்தனுப்புகிறாள், குளிரில் காதை மூடிக்கொண்டு போ என்கிறாள், சமையலில் உப்பு குறைத்துக்கொள் என்கிறாள், பக்கத்திலிருந்து இன்னும் நிறையச் சொல்கிறாள், தாளில் இடமில்லை. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய் நொடி இல்லாமல், அந்த ஊர்க்காரர்களுக்கு ஆண்பிள்ளைகள் முழுசாகத் திரும்பி வந்து, அப்படி வந்தபிறகும் உங்கள் வேலை உங்களுக்கே இருக்க வேண்டும் என்று எங்கள் ஆசீர்வாதம். இவ்வளவும் ஒன்றாக நடந்து நான் பார்த்ததில்லை, ஆசீர்வாதத்துக்கு அதெல்லாம் தேவையில்லை.

மறந்துவிடாதே, ரயில் நின்றதும் கூட்டத்தில் அவளைப் பார்த்தால் "அண்ணி" என்று சத்தமாகக் கூப்பிடு. பகல் முழுக்க ஒரு வருடம் தம்பி, அண்ணே என்ற பேச்சுக்குத் திரும்பிப் பழகிவிட்டாள், வீட்டிலேயே சில சமயம் வேறு யாரையோ கூப்பிடுகிறோம் என்பதுபோல் நிற்கிறாள். முதல் தடவை திரும்பாவிட்டால் கோபித்துக்கொண்டு கிட்டே ஓடாதே. நின்ற இடத்திலேயே நின்று, திரும்பும்வரை கூப்பிடு.

என்றும் உன்
அப்பா